ஒளியின் கணக்கைப் பார்த்தவர்: திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. இராமன்

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கம் செல்லும் பேருந்தில் ஏறுவோர் காவிரிப் பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் ஓர் ஊரை அடைகின்றனர். ஏட்டில் அதன் பெயர் திருவானைக்காவல். நம் நாவில் திருவானைக்கோவில். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, திருவரங்கத்தை ஒட்டினாற்போல் அமைந்த இவ்வூரில்தான், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்தில் சந்திரசேகர வேங்கட இராமன் பிறந்தார். அறிவியலுக்காக நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே. தந்தையார் சந்திரசேகர ஐயர் ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள்.

அவரை நம்மூர்க்காரர் என்று சொல்லிப் பெருமை கொள்வதற்கு நமக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1892இல் தந்தையாருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பணி கிடைத்தது. குடும்பம் அங்கே சென்றுவிட்டது. அப்போது இராமனுக்கு வயது நான்குகூட நிறையவில்லை. அவருடைய கல்வி விசாகப்பட்டினத்திலும் சென்னையிலும், உழைப்பு கல்கத்தாவிலும், முதுமை பெங்களூரிலும் கழிந்தன. திருச்சிராப்பள்ளி அவருக்குத் தந்தது பிறப்பும் மழலைப் பருவமும்தான். ஆயினும் நமது மஹல்லாவின் மாணவச் செல்வங்கள் பள்ளியில் படிக்கும் ஆற்றல், அலை, கதிர்வீச்சு ஆகிய மூன்று பாடங்களும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் ஒன்றாகச் சந்தித்தது இவரிடத்தில்தான். ஆதலால் இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றை எழுத முற்பட்டோம்.

கதிர்வீச்சு என்றவுடன் நம்மில் பலருக்கு அணுகுண்டும் மருத்துவமனை எக்ஸ் கதிர் அறையும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. இது முழு உண்மையன்று. வீட்டு விளக்கின் ஒளியும் கதிர்வீச்சே. அடுப்பின் வெப்பமும் கதிர்வீச்சே. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் காற்றில் அனுப்பிய அலையும் கதிர்வீச்சே. இவை யாவும் மின்காந்த அலைகள் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை; வேறுபாடு அலையின் நீளத்தில் உள்ளது. மத்திய அலை வானொலியில் ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே சில நூறு மீட்டர் தொலைவு உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அத்தொலைவு ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே. அலைநீளம் குறையக் குறைய அதிர்வெண் கூடும். அதிர்வெண் கூடக் கூட, அவ்வலை சுமந்து வரும் ஒவ்வோர் ஆற்றல் பொட்டலமும் பெரிதாகும். சிவப்பு ஒளியின் பொட்டலம் சிறிது, நீலத்தினுடையது பெரிது, எக்ஸ் கதிரினுடையது அதனினும் பல நூறு, பல ஆயிரம் மடங்கு பெரிது. இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் இராமன் கண்டதை விளங்கிக்கொள்வது எளிது.

அவர் பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ. தேர்வில் முதலிடம் பெற்று, இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார். அங்கே முப்பட்டகத்தின் கோணத்தை நிறமாலைமானியால் அளக்கும் வழக்கமான செய்முறையைச் செய்துகொண்டிருந்தபோது, ஒளி சாய்வாக விழுந்த இடத்தில் ஒழுங்கற்ற சில பட்டைகள் தோன்றுவதைக் கண்டார். உடன் பயிலும் மாணவர் எவரும் பொருட்படுத்தாத பட்டைகள் அவை. அவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதிய கட்டுரை, 1906ஆம் ஆண்டு இலண்டனின் புகழ்பெற்ற அறிவியல் இதழொன்றில் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு.

மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்வது அக்கால வழக்கம். ஆனால் மெலிந்த உடல்வாகினரான அவர் அந்நாட்டுக் குளிரைத் தாங்கமாட்டார் என மருத்துவர் தடுத்துவிட்டார். அன்று இந்நாட்டில் ஆராய்ச்சியை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள வழியில்லை. எனவே 1907இல் நிதித்துறைத் தேர்வெழுதி முதலிடம் பெற்று, அதே ஆண்டில் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, கல்கத்தாவில் அரசுக் கணக்குத் துறை அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அப்போது பத்தொன்பது வயதுகூட நிறையவில்லை. கைநிறைய ஊதியம், நிலையான பதவி. எந்தப் பெற்றோரும் விரும்பும் வாழ்வு.

அலுவலகத்துக்கு டிராம் வண்டியில் போய்வரும் வழியில், பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் பொதுமக்களின் நன்கொடையால் நிறுவிய கழகம் அது. கட்டடமும் கருவிகளும் இருந்தன. ஆராய்ச்சி செய்வோர்தாம் அரிதாக இருந்தனர். இராமன் உள்ளே சென்று அனுமதி கேட்டார், கதவு திறக்கப்பட்டது. அதன்பின் பத்தாண்டுக் காலம், காலையில் அலுவலகம் செல்லும் முன்னரும் மாலையில் திரும்பிய பின்னர் இரவு வரையிலும் அவர் அங்கேயே இருந்தார். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்ற காலம் தவிர இவ்வழக்கம் மாறவில்லை. ஆசுதோஷ் டே என்ற ஓர் உதவியாளர் உடனிருந்தார். கல்லூரிப் படிப்பில்லாத அவ்வுதவியாளரின் பெயரில் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவரும் அளவுக்கு இராமன் அவரைப் பழக்கினார்.

தொடக்கத்தில் அவருடைய நாட்டம் ஒலியலைகளில் இருந்தது. வயலின், வீணை, தம்புரா ஆகியவற்றின் தந்திகளை ஆராய்ந்தார். மிருதங்கம் பற்றிய அவருடைய ஆய்வு நம்மவர் அறிய வேண்டியது. தஃப் போன்ற ஒரே சீரான தோல்வட்டத்தைத் தட்டினால் அதில் பல அதிர்வுகள் ஒருங்கே எழுகின்றன. அவற்றின் அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று முழு மடங்காக அமைவதில்லை. ஆகவே தாளம் கேட்குமேயன்றித் தெளிவான சுருதி பிறப்பதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலின் நடுவில் கறுப்பு மருந்தை அடுக்கடுக்காகப் பூசி எடையேற்றியிருப்பார்கள். அவ்வெடை அந்த அதிர்வுகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. பெயர் தெரியாத நம் முன்னோர் காதால் கேட்டுக் கேட்டே கண்டடைந்த இவ்வுண்மையை இராமன் 1920இல் உலகுக்கு எடுத்துரைத்தார்.

இதற்கிடையில் 1917இல் ஒரு சோதனை வந்தது. முன்னர் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த சர் ஆசுதோஷ் முகர்ஜி, புதிய பாலித் பேராசிரியர் பதவியை இராமனுக்கு அளிக்க முன்வந்தார். அதன் ஊதியம் அரசுப் பதவியின் ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியே. மேலும், அப்பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. வருமானக் குறைவை இராமன் ஏற்றுக்கொண்டார். பயிற்சிக்காக வெளிநாடு செல்ல மறுத்துவிட்டார். விதிதான் தளர்த்தப்பட்டது. பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் பற்றி நம் வீடுகளில் பேச்செழும்போதெல்லாம் இம்முடிவு நினைவுக்கு வருகிறது. குடும்பஸ்தராகிய இருபத்தெட்டு வயது இளைஞர் பெரிய உத்தியோகத்தை உதறினார் என்றால், சுற்றத்தார் என்ன சொல்லியிருப்பர் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1921இல் ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குச் சென்றதே அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம். இலண்டனின் செயின்ட் பால் தேவாலயக் குவிமாடத்தின் உட்சுவரில் ஒருவர் மெல்லப் பேசினால் எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். பீஜப்பூர் கோல் கும்பஸுக்குச் சென்றவர்கள் இத்தகைய விந்தையை அறிவார்கள். அங்கும் அவர் நின்று அளந்து பார்த்தார். ஆனால் அப்பயணத்தின் பெரும்பேறு கடலில்தான் கிடைத்தது.

செப்டம்பர் மாதம் நர்குண்டா என்ற கப்பலில் திரும்பிவரும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை ஈர்த்தது. வானம் ஏன் நீலம் என்பதை ரேலி பிரபு என்னும் ஆங்கிலேய மேதை ஏற்கெனவே விளக்கியிருந்தார்: காற்றின் மூலக்கூறுகள் சிவப்பைவிட நீல ஒளியைப் பன்மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. கடலின் நீலமோ வானத்தின் பிரதிபலிப்பே என்றும் அவர் கூறிச் சென்றார். நோபல் பரிசு பெற்றவர் சொன்னதாயிற்றே என்று உலகம் ஏற்றுக்கொண்டிருந்தது. இராமன் தம் பையிலிருந்த நிக்கோல் பட்டகம் என்னும் சிறு படிகத்தை எடுத்தார். நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். படிகத்தைத் தக்கவாறு திருப்பிப் பிடித்தால் அவ்வொளியை மறைத்துவிடலாம். வானத்தின் பிரதிபலிப்பு அவ்வாறு மறைந்தது. கடலின் நீலம் மறையவில்லை, முன்னிலும் ஆழமாகத் தெரிந்தது. அந்த நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்று முடிவு செய்து, பம்பாய்த் துறைமுகத்திலிருந்தே நேச்சர் இதழுக்குக் கடிதம் அனுப்பினார். நீர் மூலக்கூறுகளின் சிதறலையே அவர் முதன்மைக் காரணமாகக் காட்டினார். நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதே இதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பது இன்றைய அறிவு. ஆனாலும் பிரதிபலிப்பு அன்று என்ற அவர் முடிவு நிலைத்துவிட்டது.

கண்ணால் காண்பதைச் சோதித்துப் பார்க்கும் இவ்வழி நமக்குப் புதிதன்று. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, ஒளியே பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று கிதாபுல் மனாழிர் என்னும் நூலில் நிறுவினார். அந்நூலுக்கு விரிவுரை எழுதிய கமாலுத்தீன் அல் ஃபாரிஸி, நீர் நிறைந்த கண்ணாடி உருண்டையை ஒரு மழைத்துளியாகக் கொண்டு வானவில்லின் காரணத்தை ஆராய்ந்தார். ஆறு நூற்றாண்டுகள் கழித்துக் கல்கத்தாவின் ஆய்வறையில் ஒளி மீண்டும் கண்ணாடிக் குடுவைக்குள் செலுத்தப்பட்டது.

1921 முதல் 1928 வரை ஏழாண்டு உழைப்பு. சூரிய ஒளியைப் பெரிய வில்லையால் குவித்து, நீலத்தை மட்டும் விடும் வடிகட்டி வழியே, தூய்மையாக்கிய திரவத்துக்குள் செலுத்துவர். பக்கவாட்டில் சிதறும் ஒளியை, நீலத்தை மட்டும் தடுக்கும் மற்றொரு வடிகட்டி வழியே பார்ப்பர். நீலம் மட்டுமே உள்ளே சென்றிருந்தால் இரண்டாம் வடிகட்டிக்கு அப்பால் இருட்டே இருக்க வேண்டும். ஆனால் மங்கிய ஓர் ஒளி தெரிந்தது. 1923இல் கே.ஆர். இராமநாதன் அதைக் கண்டபோது, திரவத்தில் கலந்த அழுக்கின் ஒளிர்வு என்று எண்ணினர். எத்தனை முறை தூய்மையாக்கியும் அது அகலவில்லை. பிறகு வேங்கடேசுவரன் என்ற மாணவர் கிளிசரினில் அதைத் தெளிவாகக் கண்டார். அதே 1923இல் அமெரிக்கரான காம்ப்டன், எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்கள்மீது மோதி ஆற்றலை இழந்து வருகின்றன என்று காட்டியிருந்தார். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அவ்வாறு இழக்கக்கூடுமல்லவா என்ற எண்ணம் இராமனுக்கு உறுதிப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன் இரவு பகலாக அவருக்குத் துணைநின்றார். அறுபது வகைத் திரவங்களில் சோதித்தனர். அத்தனையிலும் அவ்வொளி இருந்தது. 1928 பிப்ரவரி 28ஆம் நாள் நிறமாலைகாட்டி வழியே நோக்கியபோது, உள்ளே அனுப்பிய நிறத்திலிருந்து ஓர் இருண்ட இடைவெளியால் பிரிந்து, புதிய நிறம் தனியே நின்றது.

அதன் பொருளை ஒரு கணக்காகச் சொல்லலாம். பாதரச விளக்கின் நீல ஒளிக்கு அலைநீளம் 435.8 நானோமீட்டர். அதைப் பென்சீனுக்குள் செலுத்தினால், சிதறும் ஒளியில் பெரும்பகுதி அதே 435.8இலேயே வெளிவருகிறது. பல இலட்சத்தில் ஒன்று என்ற அளவில் மட்டும் 455.5 நானோமீட்டராக வெளிவருகிறது. அலைநீளம் கூடினால் ஆற்றல் குறைந்தது என்று பொருள். உள்ளே போனது நூறு ரூபாய் என்றால் வெளியே வந்தது ஏறத்தாழ தொண்ணூற்றாறு ரூபாய். மீதி நான்கு ரூபாய் எங்கே? ஆற்றல் அழிவதில்லை; அது பென்சீன் மூலக்கூற்றிடம் தங்கி, அதனை அதிரச் செய்துவிட்டது. ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறு சில வேளைகளில் ஒளிக்குத் தன் ஆற்றலைக் கொடுப்பதும் உண்டு. அப்போது வரவு நூற்றுக்கு மேல் போகும். இக்குறையும் மிகையும் பொருளுக்குப் பொருள் வேறுபடும். பென்சீன் பிடித்துக்கொள்ளும் தொகை ஒன்று, நீரினது வேறு, வைரத்தினது மற்றொன்று. ஆதலால் விடுபட்ட தொகையைப் பார்த்தே இது இன்ன பொருள் என்று சொல்லிவிடலாம். பத்தாண்டு அரசுக் கணக்கைத் தணிக்கை செய்தவரின் கண்ணுக்கு ஒளியின் கணக்கில் விழுந்த துண்டு தப்பவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

அதே பிப்ரவரியில், ஒரு வாரம் முன்னதாகவே, மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்ற இருவர் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டிருந்தனர், அறிவிப்பில் பிந்திவிட்டனர். இராமன் மறுநாளே செய்தித்தாள்களுக்குத் தெரிவித்தார். மார்ச் 31இல் நேச்சர் இதழில் இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. கிருஷ்ணனின் பங்கு பற்றி இன்றளவும் பேச்சு உண்டு. கருத்தும் வழிகாட்டலும் இராமனுடையவை. கண்ணும் கையும் பெரும்பாலும் கிருஷ்ணனுடையவை. அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நீதியாகும். அவர் பின்னர் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1929இல் சர் பட்டம். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநர். நிர்வாகத்தில் எவரோடும் இணங்கிப் போகும் இயல்பு அவருக்கில்லை. 1937இல் இயக்குநர் பதவியிலிருந்து விலக நேர்ந்து, 1948 வரை பேராசிரியராகத் தொடர்ந்தார். அவரிடம் குறைகளும் இருந்தன. 1933இல் கமலா பாகவத் என்ற மாணவிக்குப் பெண் என்ற காரணத்தால் இடம் மறுத்தார். அவர் விடாது போராடியபின் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். அம்மாணவியின் திறமையைக் கண்டு மனம் மாறிப் பின்வந்த பெண்களுக்கு இடமளித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படிகங்களின் அதிர்வு பற்றி மாக்ஸ் போர்ன் என்ற ஜெர்மானிய அறிஞரோடு நீண்ட காலம் வாதிட்டார். அவ்வாதத்தில் சரியாக இருந்தவர் போர்னே. பெரியவர் சொன்னாலும் சோதித்துப் பார் என்று வாழ்ந்தவர், தம் கருத்து சோதனையில் தோற்றபோது எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

1948இல் பெங்களூரில் தம் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1954இல் பாரத ரத்னா விருது வந்தது. அதே ஆண்டில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இராமேசுவரத்து மாணவர் அப்துல் கலாம் இயற்பியல் பட்டப் படிப்பை முடித்தார் என்பதை இங்கே நினைவுகூரலாம்; 1997இல் அவ்விருது அவரையும் வந்தடைந்தது. இராமன் கண்ட விளைவோ, 1960இல் லேசர் பிறந்தபின் புத்துயிர் பெற்றது. பல இலட்சத்தில் ஒன்றாய் மங்கித் தெரிந்த ஒளியை வலுவாகப் பெற முடிந்தது. போலி மாத்திரையைப் புட்டி திறக்காமலே அறியவும், பழஞ்சித்திரத்தைச் சுரண்டாமலே அதன் வண்ணம் எப்பொருள் என்று காணவும் அது பயன்படுகிறது. 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில், பாறைகளின் இயல்பை இம்முறையால் ஆராயும் கருவிகள் இரண்டு உள்ளன. 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

முதுமையில் அவர் பூக்களின் நிறம், வைரம், கண் பார்வை ஆகியவற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். நிறுவனத் தோட்டத்தின் ரோஜாக்களும் அவருக்கு ஆய்வுப் பொருள்களாயின. 1970 நவம்பர் 21ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதில் பெங்களூரில் காலமானார். அவர் உடல் அத்தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவு மண்டபம் எதுவும் எழுப்பவில்லை. ஒரு மரத்தை நட்டார்கள்.